அமினோ பவுடரும் ஓமோனும்: திருகோணமலையில் பாரம் தூக்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமினோ அமிலம் எடுத்தால் ஓமோன் கூடும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. உண்மையா?

பாதி உண்மை. சில அமினோ அமிலங்களைப் போதிய அளவில், வெறும் வயிற்றில், ஓய்வாக இருக்கும்போது எடுத்தால் இரத்தத்தில் வளர்ச்சி ஓமோன் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஏறும். சில இன்சுலினை ஏற்றும். இவை அளந்து பார்க்கப்பட்ட விடயங்கள். டப்பாவில் எழுதாத மறுபாதி இதுதான்: அந்தச் சிறு ஏற்றத்தால் தசை கூடுதலாக வளர்ந்ததாகக் காட்ட முடியவில்லை.

அமினோ அமிலங்கள் தசைக்கு உதவுவது வேறு வழியில். அவை தசைப் புரதத்தின் கட்டுமானப் பொருள். அவற்றுள் லியூசின் என்ற ஒன்று கட்டுமான வேலையைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞையாகவும் இருக்கிறது. இந்த வேலைக்கு உள்துறைமுக வீதிக் கடைப் பவுடரும் ஒன்றுதான், சந்தையில் வாங்கும் சூரை மீனும் ஒன்றுதான்.

எந்த ஓமோன்களைப் பற்றிப் பேசுகிறோம்?

நான்கு. வளர்ச்சி ஓமோன், டெஸ்டோஸ்டெரோன், இன்சுலின், உடல் அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல். முதல் இரண்டையும் ஏற்றித் தருவதாகச் சொல்லித்தான் விற்பனை நடக்கிறது. கடைசியை வில்லனாக்கி அதை அடக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்சுலினைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் அமினோ அமிலங்களால் நிச்சயமாகவும் தவறாமலும் அசைவது அதுதான்.

ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வளர்ச்சி ஓமோனைக் கூட்டும் என்று வைத்தியர்களே ஏற்றுக்கொள்கிறார்களே?

ஏற்றுக்கொள்வது ஊசி வழியாகக் கொடுக்கும் ஆர்ஜினினை. வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் பிட்டியூட்டரி சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம் வீதம், ஆகக்கூடியது 30 கிராம், அரை மணித்தியாலத்தில் நாளத்துக்குள் ஏற்றுவார்கள். ஆர்ஜினின், வளர்ச்சி ஓமோனைத் தடுத்து வைத்திருக்கும் சோமட்டோஸ்டட்டினை அடக்குகிறது. தடை விலகியதும் ஓமோன் பாய்கிறது.

வாயால் குடிக்கும்போது கதை வேறு. குடலிலும் ஈரலிலும் இருக்கும் ஆர்ஜினேஸ் என்ற நொதியம் பெரும்பகுதியை வழியிலேயே உடைத்துவிடும். 5 முதல் 9 கிராம் வரை குடித்தவர்களுக்கு ஓய்வு நிலையில் வளர்ச்சி ஓமோன் ஏறத்தாழ இரட்டித்தது. 13 கிராமில் பலனைவிட வயிற்றுப்போக்குத்தான் கூடியது.

முக்கியமான இடம் இனித்தான். கனமான உடற்பயிற்சி மட்டும் வளர்ச்சி ஓமோனை 300 முதல் 500 சதவீதம் வரை ஏற்றுகிறது. பயிற்சிக்கு முன் ஆர்ஜினின் குடித்துவிட்டுத் தூக்கினால் ஏற்றம் ஏறத்தாழ 200 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டும் கூட்டல் கணக்காகச் சேரவில்லை. ஒன்று மற்றதைக் குறைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பவுடர், இலவசமாகக் கிடைத்ததையும் குறைத்திருக்கிறது.

ஆர்ஜினினோடு லைசின், ஓர்னிதின் கலந்த குளிசைகள்? இரவில் படுக்கமுன் எடுக்கச் சொல்கிறார்கள்.

1993 இல் பளுதூக்கும் வீரர்களுக்கு ஆர்ஜினின், ஓர்னிதின், லைசின் ஒவ்வொன்றிலும் நாளுக்கு 2 கிராம் வீதம் நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி ஓமோனும் அசையவில்லை, இன்சுலினும் அசையவில்லை. 1997 இல் ஆர்ஜினின் 1.5 கிராம், லைசின் 1.5 கிராம் சேர்த்துக் கொடுத்தபோது ஓய்வில் சற்று ஏறியது. பாரம் தூக்கிய நாளில் எந்த வேறுபாடும் இல்லை. கடையில் கிடைக்கும் குளிசை ஒன்றில் இந்த அளவில் பாதி இருந்தாலே பெரிது.

படுக்கமுன் எடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் முதல் கட்டத்தில் வளர்ச்சி ஓமோன் இயல்பாகவே பெரிய அலையாக வரும். அந்த அலை உறக்கத்தால் வருவது. நள்ளிரவு ஒரு மணிவரை போனைப் பார்த்துவிட்டுக் குளிசை போடுவதில் பயனில்லை. அதைச் சீனி போட்ட பானத்தோடு விழுங்கினால் இன்னும் மோசம். குளுக்கோசு ஏறினால் வளர்ச்சி ஓமோன் இறங்கும்.

சரி, ஓமோன் ஏறினால் தசை வளரத்தானே வேண்டும்?

இதைச் சோதிக்கக் கனடாவில் ஓர் அழகான வழி கண்டார்கள். 12 ஆண்கள், 15 வாரம். ஒரு கைக்கு ஒரு நாள் தனியாகப் பயிற்சி, ஓமோன் அசையவில்லை. மற்றக் கைக்கு வேறொரு நாள் அதே பயிற்சி, ஆனால் அதைத் தொடர்ந்து உடனே கடுமையான கால் பயிற்சி. டெஸ்டோஸ்டெரோனும் வளர்ச்சி ஓமோனும் நன்றாக ஏறின. ஒரே ஆளின் இரண்டு கைகள், ஒரே சாப்பாடு, ஒரே உறக்கம். முடிவில் தடிப்பிலும் பலத்திலும் இரு கைகளும் சமமாகவே கூடியிருந்தன. இது 2010 இல் வெளிவந்தது. அதே குழு 2012 இல் 56 பேரை 12 வாரம் பயிற்றுவித்துப் பார்த்தபோதும், பயிற்சிக்குப் பிந்திய ஓமோன் ஏற்றத்துக்கும் தசை வளர்ச்சிக்கும் வலுவான தொடர்பு கிடைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 இல் நோர்வேயில் கால் பயிற்சியை முதலில் செய்துவிட்டுக் கையைப் பயிற்றுவித்தபோது அந்தக் கைக்குச் சற்று நன்மை தெரிந்தது. சிறிய ஆய்வு. அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது ஸ்குவாட்டை முதலில் செய் என்பதற்கான வாதம். பவுடர் வாங்கு என்பதற்கானது அல்ல.

அப்படியென்றால் ஓமோன் ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் ஏன் வளர்கிறது?

அளவு. 1996 இல் வெளியான பெயர்பெற்ற அமெரிக்க ஆய்வில் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் 10 வாரம் ஏற்றினார்கள். பயிற்சி செய்யாமல் இருந்தவர்களுக்கே கொழுப்பில்லா எடை 3 கிலோவுக்கு மேல் கூடியது. பயிற்சியும் செய்தவர்களுக்கு 6 கிலோ. அங்கே ஓமோன் இயற்கை அளவைப் பல மடங்கு தாண்டி, இரவும் பகலும் வாரக்கணக்காக உயர்ந்தே நிற்கிறது. பயிற்சியோ பவுடரோ தருவது ஒன்றிரண்டு மணித்தியால ஏற்றம், அதுவும் இயற்கை எல்லைக்குள். உப்புவெளிக் கரையில் கால் நனைக்கும் அலையையும் கடல்கோளையும் ஒரே பெயரால் அழைப்பது போன்றது இரண்டையும் “ஓமோன் ஏற்றம்” என்பது.

வளர்ச்சி ஓமோனுக்கு இன்னொரு செய்தி. அதைச் செலுத்தினால் தசைநாரிலும் இணைப்பிழையத்திலும் கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. சுருங்கி விரியும் தசைப் புரதத்தின் உற்பத்தி கூடுவதில்லை.

டி-அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் டெஸ்டோஸ்டெரோனை 42 சதவீதம் கூட்டும் என்கிறார்களே?

அந்த எண் 2009 இத்தாலிய ஆய்விலிருந்து வந்தது. நாளுக்கு ஏறத்தாழ 3 கிராம், 12 நாள். எடுத்தவர்கள் பாரம் தூக்கும் பழக்கமுள்ளவர்கள் அல்லர். பயிற்சியுள்ள ஆண்களுக்கு 2013 இல் 3 கிராம் வீதம் 28 நாள் கொடுத்தபோது டெஸ்டோஸ்டெரோனிலும் மாற்றமில்லை, பலத்திலும் இல்லை. 2015 இல் அளவை 6 கிராமாக்கி இரண்டு வாரம் கொடுத்தபோது டெஸ்டோஸ்டெரோன் 12.5 சதவீதம் குறைந்தது. ஆம், குறைந்தது. விளம்பரத்தில் முதல் எண் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டெஸ்டோஸ்டெரோன் பற்றிக் கவலையென்றால் முதலில் உறக்கத்தைப் பாருங்கள். இளம் ஆண்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டபோது பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் வரை விழுந்தது. எடை வகுப்புக்காகக் கடுமையாகப் பட்டினி கிடப்பதும் அதை இறக்கும்.

பி.சி.ஏ.ஏ வாங்குவதா, ஈ.ஏ.ஏ வாங்குவதா, வே புரதம் வாங்குவதா?

உடலால் ஆக்க முடியாமல் உணவிலிருந்தே பெறவேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. ஈ.ஏ.ஏ என்பது அந்த ஒன்பதும். பி.சி.ஏ.ஏ என்பது அவற்றில் மூன்று மட்டும்: லியூசின், ஐசோலியூசின், வலின், வழமையாக 2:1:1 விகிதத்தில். வே என்பது பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்.

மூன்றை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? மேசன் வந்துவிட்டார், சீமெந்து வந்துவிட்டது, கல் வரவில்லை. லியூசின் தொடங்கச் சொல்கிறது. மீதி ஆறும் இல்லாததால் அவற்றை உடல் தன் சொந்தத் தசையை உடைத்தே எடுக்கவேண்டி வருகிறது. 2017 இல் பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தசைப் புரத உற்பத்தி வெறும் பானத்தைவிட 22 சதவீதம் கூடியது. அதே அளவு பி.சி.ஏ.ஏ அடங்கிய வே புரதம் தருவது ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு.

எனவே எங்கள் வரிசை: உணவு, பிறகு வே, பிறகு ஈ.ஏ.ஏ. பி.சி.ஏ.ஏ க்கு இந்த வரிசையில் இடமில்லை. நாளாந்தப் புரதம் போதுமான ஒருவருக்கு அது சுவையூட்டிய தண்ணீர். ஈ.ஏ.ஏ க்கு ஒரு நியாயமான பயன் உண்டு: அதிகாலையில் வயிறு பாரமில்லாமல் பயிற்சிக்குப் போகவேண்டியவருக்கு, லியூசின் 2.5 முதல் 3 கிராம் அடங்கிய 10 கிராம்.

ஒரு நேரத்துக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு?

நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். இதற்கு மேல் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது; கவனமாக இருக்க விரும்புவோர் 2.2 வரை போகலாம். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் 28 கிராம். ஒவ்வொரு வேளையிலும் லியூசின் 2 முதல் 3 கிராம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும்.

இதை இங்குள்ள சாப்பாட்டில் வைத்துப் பார்ப்போம். எலும்பில்லாத சூரை மீன், பச்சை எடையில் 120 கிராம்: புரதம் 27 கிராம் அளவில், லியூசின் 2 கிராமுக்குச் சற்று மேல். ஒரு வேளை முடிந்தது. சூடை மீன் மலிவு, ஆனால் தலை, முள், குடல் கழித்து உண்ணும் பகுதி 100 கிராமுக்கு 20 கிராம் அளவே கணக்கிடவும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். லியூசினுக்காக நான்கு வேண்டும். வே பவுடரில் 25 கிராம் புரதத்துக்கு லியூசின் ஏறத்தாழ 2.5 கிராம். சட்டியில் வரும் எருமைத் தயிரைப் பலர் புரதத்தின் அரசன் என்று நினைக்கிறார்கள். 100 கிராமில் 4 முதல் 5 கிராம்தான். கொழுப்பு அதைவிடக் கூடுதல். சுவைக்குச் சாப்பிடுங்கள், கணக்குக்கு அல்ல.

அடிக்கடி தவறுவது காலை வேளையில். புட்டும் சம்பலும், அல்லது இடியப்பமும் சொதியும். வயிறு நிறையும்; புரதம் 10 கிராமைத் தொடுவதே சிரமம். மதியம் மீன், இரவு மீன் என்று சாப்பிடுகிறவருக்கும் பற்றாக்குறை அங்கேதான் விழுகிறது. ஒரு டப்பா பவுடர் வாங்குவதென்றால் அதைப் பயிற்சிக்குப் பின் என்று வைக்காமல் இந்தக் காலை ஓட்டையை அடைக்கப் பயன்படுத்துங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்ன செய்வது? விரத நாட்களில்?

சோயா மீட் 50 கிராம் காய்ந்த எடையில் 25 கிராம் புரதம், லியூசின் ஏறத்தாழ 2 கிராம். அதோடு கொழுப்பு நீக்கிய பால்மா 30 கிராம் சேர்த்தால் இன்னும் 10 கிராம் புரதமும் ஒரு கிராம் லியூசினும். இது சூரை மீன் வேளைக்குச் சமமானது, விலையும் குறைவு. பருப்பு மட்டும் நம்பினால் அளவு பெரிதாகிவிடும்: அவித்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 9 கிராம். சோற்றில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு; ஒன்றாகச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். நம் வீட்டுச் சோறும் பருப்பும் அந்த வகையில் ஏற்கெனவே சரியான கூட்டு, அளவுதான் போதாது.

வெள்ளிக்கிழமை விரதத்தில் பால் சேர்ப்பவருக்குச் சிக்கலே இல்லை. கந்தசஷ்டி போன்று ஆறு நாள் இறுக்கமாக இருப்பவர் அந்த வாரம் பாரத்தை வைத்துக்கொண்டு செட்களைப் பாதியாக்கலாம். ஆறு நாளில் தசை கரைந்துவிடாது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலத்தில் பயிற்சி செய்கிறவர்களுக்கு?

நோன்பு திறந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு அல்லது தராவீஹ் தொழுகை முடிந்து பயிற்சி. இரவுக்குள் மூன்று புரத வேளை: இப்தார், பயிற்சிக்குப் பின், சஹர். ஒவ்வொன்றிலும் 35 முதல் 40 கிராம். சஹரில் மெதுவாகச் செரிக்கும் பால், முட்டை, மீன். நோன்போடு பின்நேரம் தூக்கியே ஆகவேண்டுமென்றால் திறப்பதற்கு முன்னான கடைசி 40 நிமிடம் மட்டும். பகலில் அமினோ பவுடர் குடிக்க முடியாது என்பதால் எதுவும் இழக்கப்படுவதில்லை. நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகைதான் கணக்கு.

கடுமையான பயிற்சி வாரங்களில் அமினோ அமிலம் ஓமோனைக் காப்பாற்றும் என்று ஓர் ஆய்வு உண்டே?

உண்டு. வேண்டுமென்றே அளவுக்கு மீறிப் பயிற்சி கொடுக்கும் நான்கு வாரத் திட்டத்தில், பயிற்சியுள்ள 17 ஆண்களைக் கொண்டு செய்தது. கிலோவுக்கு 0.4 கிராம் அமினோ அமிலம் தினமும். எடுக்காதவர்களுக்கு முதல் வாரத்தில் பலம் சறுக்கியது, எடுத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

இந்தத் துறையில் விற்பனையாளர்கள் காட்டுகிற சான்றுகளில் நாம் மதிக்கக்கூடியது இது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 70 கிலோவுக்கு 0.4 என்றால் 28 கிராம், அதாவது இன்னும் ஒரு முழுப் புரத வேளை. சில குளிசைகளால் அந்த அளவு வராது. போட்டிக்கு முன் நான்கு வாரம் பாரத்தைக் கூட்டும்போது நாளுக்கு ஒரு வேளை புரதத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள் என்பதே இதிலிருந்து எடுக்கக்கூடிய பயிற்சிப் பாடம். அதை மீனாகவும் கூட்டலாம்.

அமினோவோடு குளுக்கோசு கலந்தால் இன்சுலின் ஏறித் தசை கூடும் என்கிறார்கள்.

தசைப் புரத உற்பத்திக்கு இன்சுலின் சற்று இருந்தால் போதும். 25 கிராம் வே மட்டும் குடித்தாலே அந்த அளவு வந்துவிடும். அதோடு 50 கிராம் மாச்சத்துச் சேர்த்துப் பார்த்தும் தசைப் புரத உற்பத்தி கூடவில்லை. ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்பவருக்குத் தசையில் சேமிக்கும் மாச்சத்தான கிளைக்கோஜனை நிரப்பக் குளுக்கோசு உதவும். மற்றவர்களுக்குச் சோறே போதும்.

கோர்ட்டிசோல்?

பயிற்சியின்போது அது ஏறவேண்டும். எரிபொருளை வெளியே எடுத்துத் தருவது அதன் வேலை. நாட்கணக்காக இறங்காமல் நிற்பதுதான் கெடுதி. அதற்குக் காரணம் பெரும்பாலும் உறக்கமின்மை, பட்டினி, ஓய்வு வாரம் இல்லாத திட்டம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை ஜிம்மில் மாலை நான்கு மணிக்கு, காலையிலிருந்து ஒரு பிளேன்டீயோடு நின்று இரண்டு மணித்தியாலம் தூக்கினால் கோர்ட்டிசோல் ஏறத்தான் செய்யும். அதற்கு மருந்து முந்திய வேளைச் சோறும், உப்புச் சேர்த்த தண்ணீரும், அதிகாலைக்கு மாற்றிய நேரமும்.

குளூட்டமின், சிட்ரூலின், பீட்டா-அலனின்?

குளூட்டமின்: தசைக்காக வேண்டாம். ஆறு வாரம் பெரிய அளவில் கொடுத்தும் பலமும் தசையும் கூடவில்லை.

சிட்ரூலின்: ஆர்ஜினினைவிட நல்ல வழி. ஈரலைத் தப்பி, சிறுநீரகத்தில் ஆர்ஜினினாக மாறுகிறது. 6 கிராம், பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன். கடைசி ஒன்றிரண்டு எண்ணிக்கைக்கு உதவலாம், ஓமோனுக்காக அல்ல.

பீட்டா-அலனின்: ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீளும் முயற்சிகளுக்கு. ஒற்றைத் தூக்கலுக்குப் பயனில்லை. முகமும் காதும் ஊசி குத்துவதுபோல் கூசினால் பயப்பட வேண்டாம். ஒரு தடவைக்கு 0.8 கிராம் வீதம் பிரித்து எடுத்தால் அடங்கும்.

கிரியேட்டின் ஓமோனும் அல்ல, புரதம் ஆக்கும் அமினோ அமிலமும் அல்ல. ஆனால் ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் மூன்றிலிருந்தும் உடல் ஆக்குவது அது. நாளுக்கு 3 முதல் 5 கிராம். ஒரே ஒரு பவுடருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் இதை வாங்குங்கள்.

பவுடர் கட்டிபிடிக்கிறது, கரையவில்லை, வயிற்றைக் கலக்குகிறது. எங்கே பிழை?

மூன்றும் தனித்தனிப் பிழை.

கட்டிபிடிப்பது கடல் ஈரத்தால். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் மூடியைத் திறந்துவைத்தால் ஒரே வாரத்தில் கல்லாகும். வாங்கியதும் 10 நாள் அளவைச் சிறு போத்தலில் பிரித்து, பெரிய டப்பாவைத் திறக்காமல் வையுங்கள். ஈரக் கரண்டி போடக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி வெளியே எடுத்தால் உள்ளே நீர்த்துளி படிந்து இன்னும் கெடும். கட்டியானது உலர்வாக இருந்தால் உடைத்துப் பாவிக்கலாம். நிறமோ மணமோ மாறினால் எறியவும்.

கரையாதது லியூசின். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 2.4 கிராம் அளவுதான் கரையும். 5 கிராமை 150 மில்லியில் போட்டால் மிதக்கும், கசக்கும். 300 மில்லி எடுத்து, முதலில் சிறிது இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, பிறகு ஊற்றவும். தேசிக்காய் சேர்த்தால் கசப்பு ஓரளவு மறையும்.

வயிற்றைக் கலக்குவது அளவும் அடர்த்தியும். ஆர்ஜினினை 9 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம்: ஒரே கரண்டி ஒரு பவுடரில் 3 கிராம், மற்றதில் 6 கிராம் பிடிக்கும். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். இன்னொன்று: “ஆர்ஜினின் எச்.சி.எல்” என்றிருந்தால் எடையில் 83 சதவீதம் அளவே ஆர்ஜினின்.

புரத டப்பாவில் ஏமாற்று இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வுகூடம் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. கிளைசின், டோரின், கிரியேட்டின் போன்ற மலிவுப் பொருட்களிலும் நைதரசன் உண்டு. அவற்றைக் கலந்தால் எண் ஏறும், தசைக்கு வேண்டிய புரதம் ஏறாது. எனவே பொருட்பட்டியலில் கிளைசினோ டோரினோ தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அமினோ அமில அட்டவணை இருந்தால், வே யில் 25 கிராம் புரதத்துக்கு லியூசின் 2.5 கிராமுக்கு அருகில் இருக்கவேண்டும். 1.8 என்றால் ஏதோ கலந்திருக்கிறது. அட்டவணையே இல்லாமல் “சிறப்புக் கலவை 12 கிராம்” என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். விலையைக் கிலோவுக்கு ஒப்பிடாமல், விலையை மொத்தப் புரதக் கிராமால் வகுத்து ஒப்பிடவும்.

இரத்தத்தில் ஓமோன் பார்க்க வேண்டுமென்றால்?

டெஸ்டோஸ்டெரோன் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், முந்திய நாள் கனமாகத் தூக்காமல். குளுக்கோசு குடித்தாலே அளவு கால்வாசி குறையக்கூடும். கடையில் சீனி போட்ட தேநீர் குடித்துவிட்டு லேப்புக்குப் போய் “குறைவு” என்று பதறுவோர் உண்டு. ஒருமுறை குறைந்தால் இன்னொரு நாள் மீண்டும் பார்க்கவேண்டும். முடிக்காகவோ நகத்துக்காகவோ பயோட்டின் குளிசை எடுப்பவர் குறைந்தது இரண்டு நாள் முன் நிறுத்திவிட்டு, லேப்பில் சொல்லவும். சில சோதனை முறைகளில் பயோட்டின் டெஸ்டோஸ்டெரோனைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். வளர்ச்சி ஓமோனை ஒரு தடவை குத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அது விட்டுவிட்டு வரும் அலை. தேவையென்றால் வைத்தியர், வளர்ச்சி ஓமோனின் தூண்டலால் உருவாகும் ஐ.ஜி.எஃப்-1 ஐப் பார்ப்பார்.

கிட்னி பழுதாகுமா?

நல்ல சிறுநீரகமுள்ளவருக்கு மேலே சொன்ன அளவுகளால் பழுது வந்ததாகக் காட்டப்படவில்லை. ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. பதவிசிறிபுர போன்ற இடங்களை உள்ளடக்கிய உலர்வலயத்தில் காரணம் சரியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அது நீண்டகாலம் அறிகுறி காட்டாது. அப்பகுதிகளில் வளர்ந்தவர், வயலில் வேலை செய்பவர், குடும்பத்தில் நோயுள்ளவர், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர் தொடங்குமுன் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) சிறுநீரில் அல்புமினும் பார்க்கவேண்டும். கிரியேட்டின் எடுப்பவரின் கிரியேட்டினின் எண் பழுதில்லாமலே சற்று ஏறலாம். அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவும், சந்தேகமென்றால் சிஸ்டட்டின்-சி என்ற மாற்றுச் சிறுநீரகச் சோதனையைக் கேட்கவும்.

இதய நோயுள்ளவர் ஆர்ஜினினைத் தொடவே கூடாது. மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுத்த 2006 ஆய்வில் ஆறு பேர் இறந்தார்கள், போலி மருந்து எடுத்தவர்களில் ஒருவரும் இல்லை, ஆய்வையே நிறுத்தினார்கள். நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் நைத்திரேற்று மருந்தோடும் கலக்கக்கூடாது, இரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இவை ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபடுமா? அமினோ சேலைன் ஏற்றலாமா?

அமினோ அமிலங்கள் தடைசெய்யப்பட்டவை அல்ல. வளர்ச்சி ஓமோன், அதைத் தூண்டும் பெப்டைட்டுகள், எம்கே-677 என்ற இபுட்டமோரன், இன்சுலின், டெஸ்டோஸ்டெரோனைப் போல் தசையில் வேலை செய்யும் சார்ம்ஸ் ஆகியவை தடைசெய்யப்பட்டவை. “இயற்கை வளர்ச்சி ஓமோன் தூண்டி” என்று விற்கும் டப்பாவின் சிறிய எழுத்தில் எம்கே-677 இருந்தால் அது அமினோ அமிலம் அல்ல.

சேலைன் விடயத்தில் பொருளைவிட முறைதான் குற்றம். வைத்தியசாலைச் சிகிச்சை போன்ற ஏற்றுக்கொண்ட காரணம் இல்லாமல் 12 மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளத்தில் ஏற்றினால், உள்ளே தண்ணீரும் உப்பும் மட்டும் இருந்தாலும் அது விதிமீறல். எடை இறக்கிய பிறகு “ஒரு போத்தல் போட்டுவிடுவோம்” என்று தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் இதை அறியாமலே மாட்டுகிறார்கள்.

இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம், ஸ்லாடா, மாதிரி எடுக்கும். உடலில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. கடைக்காரர் சொன்னார் என்பது விடுதலை தராது. ஒலிம்பிக் குழுவின் ஆதரவில் பல நாடுகளில் வாங்கிச் சோதித்த 634 சப்ளிமென்ட்களில் 94 இல் டப்பாவில் எழுதாத ஓமோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. எனவே மாகாண மட்டத்துக்கு மேல் போட்டியிடுபவர் தொகுதி வாரியாகச் சோதித்த முத்திரையுள்ளதை மட்டும் வாங்கவும். இன்ஃபோம்ட் ஸ்போர்ட் முத்திரை என்றால், டப்பாவின் தொகுதி இலக்கத்தை அவர்களின் தளத்தில் தேடிப் பார்க்கவும். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். டப்பா முடியும்போது 20 கிராம் அளவை உள்ளேயே விட்டு, பற்றுச்சீட்டோடு ஓராண்டு வைத்திருங்கள். தவறு டப்பாவில் என்று காட்டவேண்டி வந்தால் கையில் இருக்கப்போவது அதுதான்.

பாடசாலை மாணவர்களுக்கு?

18 வயதுக்குக் கீழ் எந்த ஓமோன் தூண்டியும் வேண்டாம். மீன், முட்டை, பால்மா, ஒன்பது மணித்தியால உறக்கம். பெற்றோர் பவுடர் வாங்கித் தர ஆயத்தமாக இருந்தால் அந்தக் காசில் காலைக்கு நான்கு முட்டை அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.